கழுகுத்திட்டில் கேட்ட குரல்

காற்று திரும்பிவிட்டது, உடனே கிளம்ப வேண்டும் என்று படகோட்டி கஸ்பார் மூன்றாவது முறையாக வந்து சொன்னபோது, போட்டி முடிய இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

பிரிஸ்கா நிமிரவில்லை. காதில் ஹெட்போன், வலது கை மோர்ஸ் தந்தி தட்டும் கீயின் மேல். அவளும் கல்லூரித் தோழி தஸ்லிமாவும் ஹாம் ரேடியோ என்ற வானொலித் தொடர்புக் கருவி, பேட்டரி, மூங்கில் கம்பம், ஆன்டெனாக் கம்பி எல்லாவற்றையும் காலையில் தூத்துக்குடியிலிருந்து கழுகுத்திட்டு என்ற ஆளில்லாத இந்தச் சிறு தீவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மாலை ஐந்தரைக்குள் மோர்ஸில் அதிக நிலையங்களோடு பேசுபவருக்குக் கோப்பை. மூன்று வருடமாக அது மதுரை கோதண்டபாணியிடம் இருந்தது. ஒவ்வொருவரும் அது தனக்கு எத்தனையாவது தொடர்பு என்ற எண்ணையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்பதால் அவர் நிலவரம் அவளுக்குத் தெரியும். அவர் இருநூற்றுப் பன்னிரண்டு. அவள் இருநூற்று ஒன்பது.

திடீரென்று கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. கம்பம் சாய்ந்தது. தஸ்லிமா பாய்ந்து, அறுந்த கயிற்றைக் கையில் சுற்றிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தாள்; கஸ்பாரும் ஓடிவந்து தோள் கொடுத்தார்.

அப்போதுதான் அந்தச் சிக்னல் வந்தது. மெதுவாக, நடுங்கி நடுங்கி. போட்டி எண் எதுவும் இல்லை. ரேடியோவோடு தனியாக மலையேறினேன், விழுந்துவிட்டேன், கால் முறிந்துவிட்டது, போனுக்கு டவர் இல்லை என்றது. ஊர்ப்பெயர் வருவதற்குள் வேறு நிலையங்கள் அதை மூழ்கடித்தன. பிரிஸ்கா திரும்பக் கேட்டாள். மூன்றாவது தடவையில்தான் பெயர் முழுதாகக் கிடைத்தது. தென்காசிப் பக்கம், வெள்ளிமொட்டைப் பாறை.

திட்டிலும் போனுக்கு டவர் இல்லை. அவள் ரேடியோவிலேயே கோதண்டபாணியை அழைத்தாள். அவர் பழக்கத்தில் தன் எண்ணை அனுப்பினார்: இருநூற்றுப் பத்தொன்பது. போட்டிக்காக இல்லை, ஓர் உயிருக்காக என்று அவள் தட்டினாள். சொல் என்று பதில் வந்தது.

அவர் போட்டியை நிறுத்திவிட்டுத் தீயணைப்புத் துறைக்கும் வனத்துறைக்கும் போன் செய்தார். ஆனால் மதுரை நகரத்து மின்கருவிகளின் இரைச்சலில் பாறையிலிருந்து வந்த சிக்னல் அவருக்குக் கேட்கவில்லை. அவள் ஒருத்திக்குத்தான் கேட்டது. விழுந்தவர் எந்த வழியாக ஏறினார், அருகில் ஓடை உண்டா என்று கோதண்டபாணி கேட்கக் கேட்க, அவள் விசாரித்துச் சொன்னாள்.

அலை படகை அடித்துக்கொண்டிருந்தது. பிரிஸ்கா தயங்கி கஸ்பாரைப் பார்த்தாள்.

“கடல நான் பாத்துக்கிடுதேன். நீ அந்த ஆள விட்டுறாத,” என்றார் அவர்.

ஐந்தரை கடந்தது. யாரும் கவனிக்கவில்லை. பாறையில் இருந்தவரின் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது, எழுத்துகள் தேய்ந்தன. இருக்கிறீர்களா என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள். ஆறு மணி தாண்டி ஒரு பதில் வந்தது: விசில் கேட்கிறது. ஆட்கள் வருகிறார்கள்.

அதன்பின் ஒன்றுமில்லை.

இரண்டு மணி நேரம் அலையோடு போராடிப் படகு கரைக்கு வந்தபோது பிரிஸ்காவின் போன் அடித்தது. கீயைத் தட்டித் தட்டி அவள் விரல்கள் மரத்துப்போயிருந்ததால், கயிறு கிழித்த கையால் தஸ்லிமாதான் அதை அவள் காதில் வைத்தாள்.

“ஆள் பொழச்சுக்கிட்டாரும்மா. கீழ கொண்டுவந்துட்டாங்க,” என்றார் கோதண்டபாணி. “கோப்பைய நெல்லூர்க்காரங்க அடிச்சிருவாங்க போல. போகட்டும். நாப்பது வருஷமா வேகமா அனுப்புறதுதான் பெருசுன்னு இருந்தேன். நீ நின்னு கேட்டியே!”

பிரிஸ்கா கரையில் உட்கார்ந்து அழுதாள். தஸ்லிமா சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.