ஒழுங்காக வந்தவர்கள்

விடிந்து பால் காய்ச்சும் நேரத்தில் தென்காசித் தெருக்களில் நிற்கும் கார்களெல்லாம் தத்தம் முதலாளிகளைப் பற்றிக் காவல் நிலையத்துக்குச் சாட்சி சொல்லும். நேற்று எங்கே போனார், யாரை ஏற்றினார், எந்த வளைவில் யாரை என்ன சொல்லித் திட்டினார் என்று ஒன்று விடாமல் ஒப்புவிக்கும். இந்தச் சட்டம் வந்த புதிதில் ஊர்வலம், மறியல் எல்லாம் நடந்தன. பிறகு பழகிவிட்டது. இப்போது ஜனங்கள் பல் விளக்கிக்கொண்டே, வாசலில் தங்கள் கார் தங்களைப் பற்றிக் கோள் சொல்வதை அரைக் காதில் கேட்டபடி நிற்பார்கள். சில வீடுகளில் மனைவிமார் முழுக் காதும் கொடுப்பதுண்டு.

சண்முகவடிவின் காருக்கு மட்டும் சொல்ல ஒன்றும் இருக்காது. "மீறல் இல்லை" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்ளும். அதைக் கேட்காமல் வடிவு காபியைக் கையில் எடுப்பதில்லை.

அவள் சாலை விதிப் பள்ளி நடத்தினாள். கார்கள் தாமாகவே ஓடத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகியிருந்தாலும், கார் வாங்குகிறவர் விதிகளைப் படித்துத் தேற வேண்டும் என்ற சட்டம் அப்படியே இருந்தது. தேறியவர்கள் மறுநாளே அவற்றை மறந்தார்கள். அதற்குக் காரணம் அவசரக் குமிழ்.

தானோட்டிக் கார்கள் முதலில் வந்தபோது எல்லா விதிகளுக்கும் கட்டுப்பட்டன. சிவப்புக்கு நின்றன, கோட்டுக்குள் ஓடின, மாட்டுக்கு வழிவிட்டன. ஒரே மாதத்தில் மக்கள் கொதித்துப் போனார்கள். பிரசவ வலியில் துடிப்பவளை ஏற்றிக்கொண்டு போகிறவன் என்ன செய்வான் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். எனவே இருக்கைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குமிழ் வைத்தார்கள். அதை அழுத்தினால் கார் "பிரசவமா?" என்று கேட்கும். "ஆமாம்" என்றால் விளக்கை மதிக்காது, எதிர்த்தடத்தில் ஏறும், ஹாரனை விடாமல் அலறவிடும். அன்று முதல் அந்த மாவட்டத்தில் ஆண் பெண் எல்லோருக்கும் தினமும் பிரசவம்தான். வடிவின் காரில் மட்டும் அந்தக் குமிழ் கடையில் வாங்கிய பளபளப்போடு இருந்தது.

அன்று காலை அவள் செங்கோட்டை மலைச்சரிவில் இருந்த அரசு மூலிகைப் பண்ணையிலிருந்து கிளம்பினாள். கூடவே தம்பி பெண்டாட்டி பேச்சித்தாய். காரின் பின்பெட்டியில் முத்திரை வைத்த எஃகுப் பெட்டி ஒன்று. அதற்குள் அன்று பறித்த கஞ்சாப் பூவின் சாறு.

தம்பி ஆவுடையப்பன் தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலடிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். தூக்கி எந்திரம் சரிந்து ஒரு கால் முழங்காலோடு போயிற்று. அவனுடைய சதையிலிருந்தே மருத்துவமனை அவனுக்கு ஒரு காலை வளர்த்தெடுத்திருந்தது. வளர்தொட்டியிலிருந்து அந்தக் காலை இன்று வெளியே எடுக்கிறார்கள். இருட்டுவதற்குள் பொருத்தாவிட்டால் அது செத்துவிடும். இன்னொரு கால் வளர்க்க இரண்டு வருடம் ஆகும். நரம்புகளைக் கோக்கும்போது ஆள் விழித்திருக்க வேண்டும், வலி தெரியக்கூடாது, தசை இறுகக்கூடாது. மற்ற மருந்தெல்லாம் அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இந்தச் சாறுதான் ஒத்துக்கொண்டது. அதுவும் அன்றன்றைய சாறாக இருக்க வேண்டும், ரத்த உறவுள்ளவர் நேரில் வாங்கிப்போக வேண்டும் என்பது சட்டம்.

"மதினி, போலீஸ் பிடிச்சா?" என்றாள் பேச்சித்தாய், பண்ணை வாசலைத் தாண்டும் முன்பே.

"எதுக்குட்டி பிடிக்கான்? அனுமதி இருக்கு. சரக்கு நம்ம கை எட்டாத இடத்துல, பின்னால இருக்கு. முத்திரை உடையல. அவன் கேக்கதுக்கு முன்னால நாமளே சொல்லிருவோம், இன்னது இருக்குன்னு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். வளவளன்னு பேசப்படாது, முழிக்கப்படாது. அம்புட்டுதான்."

"எனக்கு முழி தானா வருது மதினி."

"அப்ப கண்ண மூடிக்கிட்டு தூங்கு."

பேச்சித்தாய் கண்ணை மூடினாள், தூங்கவில்லை. கார் விதித்த வேகத்தில் ஓடியது. முன்னால் போன வண்டிக்கும் தனக்கும் நடுவே சொன்ன இடைவெளியை விட்டது. அந்த இடைவெளியில் ஏழெட்டு வண்டிகள் புகுந்து போயின. ஒவ்வொன்றுக்கும் வடிவின் கார் மரியாதையாகப் பின்வாங்கிக் கொடுத்தது. இருவரும் பொழுதோடுதான் கிளம்பியிருந்தார்கள். எனவே வடிவுக்குக் கவலையில்லை.

பனையடி விலக்கில் சோதனைச் சாவடி. சாலையின் இருபுறமும் மோப்பத் தூண்கள், நடுவே ஆளுயரத்தில் ஒரு காவலி. பழைய நாள் போலீஸ்காரர்களின் நாற்பது வருட அனுபவத்தை மொத்தமாக ஊட்டி வளர்த்த எந்திரம் அது. லஞ்சம் வாங்காது, டீ குடிக்காது, யாருக்கும் சொந்தக்காரன் இல்லை.

வடிவு கண்ணாடியை இறக்கினாள். "பின்பெட்டியில் மருத்துவக் கஞ்சாச் சாறு இருக்கிறது. அனுமதி இதோ."

காவலி பார்த்தது. "அனுமதி சரி. பெட்டி சரி. முத்திரை சரி," என்றது. "வண்டியை ஓரம் கட்டுங்கள். இறங்குங்கள்."

"எல்லாம் சரின்னா எதுக்கு இறங்கணும்?"

"சந்தேகம்," என்றது காவலி.

சாவடியின் ஒரே மனிதர் உதவி ஆய்வாளர் மகாராசன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். காவலியின் முதுகில் ஓடிய எழுத்துகளைப் படித்தார். ஒருமுறை வடிவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்கம்மா, பண்ணையில இருந்து இதுவரைக்கும் ஒரு ஹாரன்கூட அடிக்கலியா?"

"தேவைப்படல."

"ஒருத்தரையும் முந்தல. ஒரு இடத்துல சிவப்பு விளக்குல, குறுக்க ஒரு ஈ காக்கா இல்லாதப்பவும் நின்னிருக்கீங்க."

"சிவப்புன்னா நிக்கணும்லா?"

மகாராசன் பெருமூச்சு விட்டார். "அங்கதான் சிக்கல். அந்தக் காலத்துல கஞ்சா கடத்துனவன் எவனும் விதியை மீற மாட்டான். மாட்டிக்கிடக் கூடாதுன்னு அப்படி ஒழுக்கமா ஓட்டுவான். நம்ம பழைய ஏட்டுமாருக்கு அது தெரியும். ஒழுங்கா வாற வண்டியத்தான் நிறுத்துவாங்க. அந்த அனுபவத்தை எல்லாம் இதுக்குள்ள ஏத்திட்டாங்க. இப்ப யாராவது ஒழுங்கா வந்தா, எதையோ ஒளிக்கிறாங்கன்னு இது முடிவு பண்ணிரும்."

"நான் ஒளிக்கலியே. வாயத் தொறந்து சொன்னேன்லா?"

"அதையும் குறிச்சிருக்கு. கேக்கதுக்கு முன்னாலயே சொன்னீங்கன்னு."

பேச்சித்தாய் கண்ணைத் திறந்து வடிவைப் பார்த்தாள். வடிவு வேறு பக்கம் பார்த்தாள்.

"நீங்க ஆபீசர்தான? நீங்க சொன்னா விடாதா?"

"என்னையும் சேர்த்துத்தான் இது கவனிக்கி. மதுரையில இருந்து அதிகாரி வந்து பார்த்தாத்தான் விடும். நாளைக்கு வருவாவ. அதுவரைக்கும் அங்க இருங்க," என்று ஒரு கொட்டகையைக் காட்டினார்.

கொட்டகைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சத்தமே இல்லை. செருப்புகள் ஒரே நேர்கோட்டில் வெளியே கிடந்தன. தண்ணீர்ப் பானைக்கு முன்னால் மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். ஒருவர் குடித்துத் தம்ளரைக் கழுவி வைத்த பிறகே அடுத்தவர் நகர்ந்தார். பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோமே என்று மெல்ல வந்த இளம் தம்பதி. தண்ணீர் தளும்பாமல் மீன்தொட்டி எடுத்து வந்த ஒருவர். கொள்கைக்காகவே விதியை மதிக்கும் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். அவரிடம் மருந்து மாத்திரைகூட இல்லை.

"உக்காருங்கம்மா," என்று நீதிபதி நகர்ந்து இடம் கொடுத்தார்.

பேச்சித்தாய் உட்காரவில்லை. "மதினி, அவரு காலு," என்றாள். வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலை முதல் பயந்துகொண்டிருந்தவள் இப்போது பயப்படவில்லை, கெஞ்சினாள். அதைத்தான் வடிவால் தாங்க முடியவில்லை.

அவள் வெளியே வந்து மகாராசனைப் பிடித்தாள். "சார், நான் முன்னால போகத்தான தடை? திரும்பி வீட்டுக்குப் போனா?"

"போகலாம். சந்தேகத்துக்கு நிறுத்தினவங்க வந்த வழியா திரும்பிப் போகத் தடை இல்ல."

"போயிட்டு மறுபடி வந்தா?"

"அது புது வரவு. கடைசியா எப்படி வந்தீங்கன்னுதான் பாக்கும்."

"அப்ப உள்ள இருக்கவங்க எதுக்கு இருக்காங்க?"

மகாராசன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இருங்கன்னு சொன்னேன். இருக்காங்க."

வடிவு பேச்சித்தாயைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறினாள். ஒரு மைல் பின்னால் போய்க் காரைத் திருப்பினாள். சிவப்புக் குமிழின் மேல் விரலை வைத்தாள். முப்பது வருடமாக வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு, இதைத் தொடக்கூடாது என்று சொன்ன கை. அழுத்தினாள்.

"பிரசவமா?" என்றது கார்.

வடிவுக்கு ஐம்பத்து நாலு வயது. "ஆமா," என்றாள்.

பேச்சித்தாய்க்கு அந்தக் கலக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் கார் சீறிப் பாய்ந்தது. எதிர்த்தடத்தில் ஏறி, எதிரே வந்த பேருந்தை ஓரத்துக்குத் தள்ளி, ஹாரனை அலறவிட்டுக்கொண்டு, சாவடியில் நின்ற வரிசையின் தலையில் மூக்கை நுழைத்தது. பின்னால் இருந்தவர் கண்ணாடியை இறக்கி வடிவின் பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். தன்னை அறியாமல் வடிவும் அவர் பெற்றோரைப் பற்றி ஒன்று சொன்னாள்.

காவலி கையை நெற்றிக்கு உயர்த்தியது. "வணக்கம். போய் வாருங்கள்," என்றது. பெட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

தூத்துக்குடியில் வெயில் தாழ்வதற்குள் ஆவுடையப்பனின் மூக்கில் சாற்றின் ஆவியை ஏற்றினார்கள். அவன் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, சுரங்கத்தில் ஒரு திருக்கை மீன் தன்னோடு பேசிய கதையை மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொண்டே கிடந்தான். கதை முடியும் முன் கால் பொருந்திவிட்டது. பேச்சித்தாய் போர்வையை விலக்கி அந்தப் புதுக் காலின் பெருவிரலைத் தொட்டாள். "கூசுது, விடு," என்றான் அவன். அவள் விடவில்லை. வடிவு கதவோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வடிவு மட்டும் திரும்பினாள். பனையடி விலக்கில் அவளை யாரும் நிறுத்தவில்லை, அவளே நிறுத்தினாள். கொட்டகையில் அவர்கள் அப்படியே இருந்தார்கள். மதுரை அதிகாரி வரவில்லை. பிறந்த குழந்தை அழுதுகொண்டிருந்தது, அதுவும் மெதுவாக.

"எல்லாரும் எந்திரிங்க," என்றாள் வடிவு, வகுப்புக் குரலில். எழுந்தார்கள். "உங்க யாரையும் இங்க பிடிச்சு வைக்கல. வண்டியத் திருப்பிக்கிட்டு ஒரு மைல் போங்க. அப்புறம் திரும்பி வரணும். எப்படி வரணும்னு நான் சொல்லித் தாறேன்."

அவள் மண்ணில் குச்சியால் சாலையை வரைந்தாள். எந்த இடத்தில் குமிழை அழுத்தி ஆமாம் சொல்ல வேண்டும், கார் தடம் மாறும்போது எதிரே வருகிறவன் கண்ணைப் பார்க்காமல் எப்படி உட்கார வேண்டும், ஹாரன் அலறும்போது யாரிடமும் ஏன் மன்னிப்புக் கேட்கக்கூடாது என்றெல்லாம் விளக்கினாள். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். மீன்தொட்டிக்காரர் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டார்.

நீதிபதிக்கு மனம் ஒப்பவில்லை. "இது சட்ட விரோதம் அம்மா."

"நானும் முப்பது வருஷமா அதத்தான் சார் சொல்லிக் குடுத்தேன்," என்றாள் வடிவு. "அந்தப் பிள்ளைய வீட்டுக்கு அனுப்பணும்லா?"

அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு தன் காரை நோக்கி நடந்தார்.

ஒரு மைல் தள்ளி எல்லாக் கார்களும் திரும்பி நின்றன. வடிவு சாலையோரம் நின்று கையை வீசிக் காட்டினாள். ஒரு காரும் நகரவில்லை. கண்ணாடிகள் இறங்கின. முதலில் வந்தவர் முதலில் முந்துவதா, குழந்தை வைத்திருப்பவரை முந்தவிடுவதா என்று பணிவான ஒரு விவாதம் நடந்தது. எல்லோரும் தங்களுக்கு முன்னால் இருப்பவருக்கு வழிவிட்டார்கள். முன்னால் இருந்தவரோ பின்னால் இருப்பவருக்கு வழிவிட்டார்.

அந்த நேரத்தில் தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று எதிர்த்தடத்தில் ஏறி, ஹாரன் காதைக் கிழிக்க, அத்தனை பேரையும் உரசிக்கொண்டு பறந்தது. அது போன பிறகு சாலை முழுக்கப் பச்சைக் கஞ்சா வாடை, மூட்டை மூட்டையாக. தூரத்தில் காவலியின் கை நெற்றிக்கு உயர்வது தெரிந்தது.

"பாவம், அவருக்கு என்ன அவசரமோ," என்றார் நீதிபதி. பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டி, பக்கத்துக் கார்க்காரரிடம் கையைக் கூப்பினார். "இப்ப வழி கிடைச்சிட்டு தம்பி. நீங்க முதல்ல முந்துங்க."