நாலாம் நம்பரில் இருந்தவள்

பேய்க்குப் பயப்பிடுற ஆள் நானில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில பிறந்து வளர்ந்தவள். ஆருக்குப் பயப்பிடவேணும் எண்டு எங்களுக்குச் சின்னனிலேயே தெரியும். அவங்களுக்குக் காலும் இருந்தது, வாகனமும் இருந்தது. ஆனா போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் ரெண்டு மணிக்கு, வெள்ளவத்தையில நடந்ததைச் சொல்ல வெளிக்கிட்டா இப்பவும் எழும்பிப் போய்க் கதவைப் பூட்டுறன். பரவாயில்லை. சொல்லத்தான் போறன்.

"பேர்ணடெற் அன்ரியோ? நான் பூபாலசிங்கத்தின்ர மகன் வினோதன்," எண்டு ஒரு கோல் வந்தது.

பூபாலசிங்கம் என்ட பழைய முதலாளி. ரெண்டாயிரமாம் ஆண்டு, காலி வீதியில இருந்து கடலுக்கு இறங்கிற ஒரு லேனில, மாடியில கொமினிக்கேஷன் வச்சிருந்தவர். வெளிநாட்டுக்குக் கதைக்க மூண்டு கண்ணாடிப் பெட்டி. இன்ரநெற்றுக்கு நாலு கொம்பியூட்டர். கவுண்டரில நான். எனக்கு அப்ப இருவத்துநாலு வயசு, வாய் மட்டும் நாப்பது வயசு.

"அன்ரி, ஸ்டோர்ல நாலாம் நம்பர் கொம்பியூட்டர் கிடந்தது. ஓன் பண்ணினா வேலை செய்யுது! உள்ளுக்க 'வீடு' அப்பிடியே இருக்கு. நீங்க செய்த வீடு."

நான் செய்த வீடா?

அது நான் செய்ததில்லை. தனுஷியா செய்தது. அந்தப் பேரை நான் இருவத்தஞ்சு வருசமா ஆரிட்டயும் சொல்லேல்லை.

எங்களுக்கெல்லாம் அப்ப இன்ரநெற் எண்டா மெயில் பாக்கிறதும் சற் அடிக்கிறதும்தான். தனுஷியா அதில வீடு கட்டினவள். இருவது வயசு, பருத்தித்துறைப் பிள்ளை, தாயோட தெஹிவளையில வாடகைக்கு இருந்தவள். ஓசியில பக்கம் குடுக்கிற சைட் ஒண்டில ஒரு வீட்டைப் படமாக் கீறினாள். கதவில அமத்தினா அறை திறக்கும். கீழ விருந்தினர் புத்தகம் எண்டு ஒண்டு. வெளிநாட்டுக்குப் போன சனம் அதில வந்து, தாங்கள் விட்டிட்டுப் போன வீட்டில ஏதாவது ஒரு அறையைப் பற்றி எழுதும். "எங்கட குசினி யன்னலால கொய்யாமரம் தெரியும்" எண்டு கனடாவில இருந்து ஒராள் எழுதினா, இவள் அடுத்தநாள் வந்து புள்ளி புள்ளியா அந்தக் குசினியை அடுப்பு, பானையோட கீறி வீட்டோட சேர்ப்பாள். கொய்யாமரம் அசையும். நோர்வேக்காரன்ட கிணத்தடிக்குப் பக்கத்தில லண்டன்காரியிட சாமியறை. எட்டு மாசத்தில நூற்றிப்பன்ரெண்டு அறை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கோல் கதைக்க வந்த சனமெல்லாம் அவள்ட முதுகுக்குப் பின்னால நிண்டு பாத்திட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போகும்.

ஒவ்வொரு நாளும் சரியா ரெண்டு பத்துக்கு வந்து நாலாம் நம்பரில இருப்பாள்; கீறினதெல்லாத்திலயும் ஒரு பிரதி அதுக்குள்ள வச்சிருந்தாள். கையில அம்பரெல்லா எண்ட புளிக்காயில போட்ட அச்சாறுப் பை. "அந்த மிளகாய்க் கையால கீபோட்டைத் தொடாதயடி!" எண்டு நான் கத்தாத நாளில்லை. "சரியக்கா" எண்டுவாள். தொடுவாள்.

கடைக்கு வாற ஆக்கள்ட பேர், அடையாள அட்டை நம்பர், எத்தினையாம் கொம்பியூட்டர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் ஒரு கொப்பியில எழுதவேணும். பொலிஸ் கேட்டு வந்தா காட்டவேணும். சண்டைக்காலம் அப்பிடி. அவள்ட அட்டையில பருத்தித்துறை விலாசம்; வடக்கு எண்டாலே சந்தேகம். அதை நாளாந்தம் எழுதினா ஒருநாள் வில்லங்கம் வரும் எண்டு நான்தான் யோசிச்சன். "விடு பிள்ளை, என்ட பேரைப் போடுறன், கொட்டாஞ்சேனை விலாசமெண்டா ஒருத்தனும் கேக்கமாட்டான்" எண்டு நாலாம் நம்பருக்கு நேர ஒவ்வொரு நாளும் பேர்ணடெற், பேர்ணடெற் எண்டு எழுதினன். நல்லதுக்குத்தான் எழுதினன், மாதாவே.

அந்தக் கொப்பியைத்தான் வினோதன் கண்டெடுத்திருக்கிறான். வீட்டைக் கட்டினது நான் எண்டு நம்பியிட்டான்.

செவ்வாய்க்கிழமை போனன். கீழ இப்ப ஃபோன் கவர் விக்கிற கடை. பக்கத்தால ஏறுற மரப்படி மட்டும் அதேதான். மேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சு, லைற் எல்லாம் பொருத்தி, கண்காட்சிக்கு ஆயத்தமாக்கி வச்சிருந்தான். யன்னலைச் சாத்தியிருந்தபடியால் பகலிலயும் அறை மங்கல். கடல் உப்பும் புதுச் சுண்ணாம்பும் கலந்த ஒரு மணம். ஒரு மூலையில மேசை, அதுக்கு மேல மஞ்சள் பூத்த பழைய கொம்பியூட்டர். முன்னால ஒரு கதிரை. பக்கத்தில அந்தக் கொப்பி.

சுவரில பெரிய எழுத்து: "வீடு. பேர்ணடெற். 2000."

என்ட பேரை அவ்வளவு பெருசா நான் முந்திக் கண்டதில்லை.

"வெளிநாட்டு மியூசியம் ஒண்டு கேக்குது, அன்ரி. இது உங்கட படைப்பெண்டு ஒரு கையெழுத்துத்தான் வேணும்," எண்டு வினோதன் கடதாசியை நீட்டினான். நல்ல பெடியன். கண்ணில அவ்வளவு சந்தோசம்.

மூலையில பூபாலசிங்கம் ஊண்டுகோலைப் பிடிச்சபடி இருந்தார். எண்பது தாண்டியிட்டுது. மகன் வயர் பாக்கக் குனிஞ்ச நேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"போட்டிட்டுப் போ, பிள்ளை. அவனுக்கு ஒண்டும் தெரியாது. பழசைக் கிளறினா இப்பவும் வருவாங்கள்."

எனக்கும் அதுதான் பயம். பேனையை எடுத்தன்.

அச்சாறு மணத்தது.

வினாகிரி, மிளகாய்த்தூள், அம்பரெல்லா. கிட்ட, பக்கத்தில ஆரோ பையைப் பிரிச்ச மாதிரி. நான் வினோதனைப் பாத்தன். அவனும் மூக்கைச் சுருக்கினான்.

பிறகு அந்தச் சத்தம். கீ... கிர்ர்ர்... கீங் கீங்... அந்த நாளில லைன் பிடிக்கேக்க மோடம் போடுமே ஒரு அழுகை, அது.

"வினோதன், நிப்பாட்டடா அதை."

"ஸ்பீக்கரே இல்லை, அன்ரி," எண்டான். குனிஞ்சு மேசைக்குப் பின்னால பாத்தான். "ஃபோன் லைனும் இல்லை. அதெல்லாம் எப்பவோ வெட்டியாச்சு."

கொம்பியூட்டரில வீடு திறந்தது.

ஒருத்தரும் தொடேல்லை. கதவுக்குப் பின்னால கதவு, தானாத் திறந்து திறந்து உள்ளுக்குப் போனது. கொய்யாமரக் குசினி. கிணத்தடி. சாமியறை. நூற்றிப்பன்ரெண்டாவது அறையும் திறந்தது. அது கடைசி அறை, எனக்குத் தெரியும்.

அதிலயும் ஒரு கதவு இருந்தது.

அந்தக் கதவும் திறந்தது. உள்ளுக்கு வெறும் கறுப்பு. பிறகு ஒரு புள்ளி. பக்கத்தில இன்னொரு புள்ளி. ஆரோ இருந்து கீறுகினம். மூண்டு கண்ணாடிப் பெட்டி வந்தது. நாலு கொம்பியூட்டர் வந்தது. கவுண்டர் வந்தது. கவுண்டரில பச்சைச் சட்டையோட ஒருத்தி.

அவளைக் கடைசியாக் கண்ட அண்டைக்கு நான் பச்சைச் சட்டை.

படியில மூண்டு ஆம்பிளையள் வந்திச்சினம். அவையளுக்கு முகம் கீறேல்லை.

கதிரை மெல்லக் கிரீச்சிட்டு முன்னுக்கு நகர்ந்தது. கீபோட்டில ஒரு கட்டை தானாக் கீழ இறங்கிச்சு. பிறகு இன்னொண்டு. விருந்தினர் புத்தகத்தில எழுத்து வந்தது.

பேர்ணடெற்.

திரும்பவும் பேர்ணடெற். திரும்பவும், திரும்பவும். கட்டையள் படபடவெண்டு இறங்கிச்சுது.

"உங்களைக் கூப்பிடுது, அன்ரி," எண்டு வினோதன் கிசுகிசுத்தான்.

நானும் அப்பிடித்தான் நினைச்சன். பழி வாங்க வந்திட்டாள், வரட்டும், எனக்கு வேணும் எண்டு கண்ணை மூடினன். மூடினவுடன அந்த நாள் வந்து முன்னால நிண்டது.

அண்டைக்கும் ரெண்டு மணி தாண்டியிட்டுது. மூண்டு பேர் படியேறி வந்தாங்கள். யூனிபோம் இல்லை. ஒருத்தன்ட கையில கிணத்தடி அறையின்ட பிரிண்ட். கிணறு, வேலி, ஒழுங்கை, படலை. இது எந்த இடத்து மெப், ஆர் வெளிநாட்டுக்கு அனுப்புறது எண்டு கேட்டாங்கள். கொப்பியை இழுத்து நாலாம் நம்பரைப் பாத்தான். "கவ்த பேர்ணடெற்?" எண்டான் சிங்களத்தில. ஆர் பேர்ணடெற்?

எனக்கு வாய் வரேல்லை. ஊரெல்லாம் கேக்கக் கத்துற என்ட வாய், அண்டைக்குத் திறக்கேல்லை. மூத்திரம் வந்திட்டுது. அதையும் சொல்லிப்போடுறன்.

நாலாம் நம்பர் கதிரை நகர்ந்தது. அவள் எழும்பினாள்.

"மம தமய்," எண்டாள். நான்தான்.

என்னைத் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. பாத்திருந்தா அவங்களுக்கு விளங்கியிருக்கும். அச்சாறுப் பையை மேசையில வச்சிட்டு இறங்கிப் போனாள். அவ்வளவுதான். என்ட பேரில போனவள், வரேல்லை.

மூண்டாம் நாள் தாய் நேசமலர் வந்தா. "என்ட பிள்ளை இஞ்ச வந்தவளோ?" எண்டு கேட்டா. பூபாலசிங்கம் கொப்பியை விரிச்சுக் காட்டினார். "பாருங்கோ, அப்பிடி ஒரு பேரே இல்லை." நான் பக்கத்தில நிண்டு சும்மா பாத்துக்கொண்டிருந்தன்.

கண்ணைத் திறந்தன். கட்டையள் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்திச்சு. பேர்ணடெற். பேர்ணடெற்.

அப்பதான் விளங்கிச்சு.

அவள் என்னைக் கூப்பிடேல்லை. அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கேயோ ஒரு அறையில ஆரோ இன்னும் அவளிட்ட ஆர் நீ எண்டு கேக்கிறாங்கள். இருவத்தஞ்சு வருசமா இந்தப் பிள்ளை, நான் பேர்ணடெற், நான் பேர்ணடெற் எண்டு சொல்லிச் சொல்லி என்னைக் காப்பாத்திக்கொண்டிருக்கிறாள்.

ஐயோ என்ட பிள்ளை!

பேனையைத் தூக்கி எறிஞ்சன்.

"காணும் தனுஷியா, இனிப் போதும்!" எண்டு கத்தினன். "காணுமடி! நான்தான் பேர்ணடெற். இஞ்ச நிக்கிறன். ஆர் வேணுமெண்டாலும் வந்து கேக்கட்டும். நீ நேசமலர்ட மகள் தனுஷியா. இந்த வீடு நீ கட்டினது!"

"வாயை மூடு!" எண்டு பூபாலசிங்கம் ஊண்டுகோலால நிலத்தில தட்டினார். "கீழ சனம் கேக்கும்!"

"கேக்கட்டும். இருவத்தஞ்சு வருசம் மூடினது காணாதோ உங்களுக்கு? நீங்கள் கொப்பியைக் காட்டினியள், நான் வாயை மூடினன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவளை இல்லாமச் செய்தது."

வினோதனுக்கு எல்லாத்தையும் அவனின்ட அப்பாவுக்கு முன்னாலயே சொன்னன். சொல்லி முடிய, அவன் சுவருக்குப் போய் என்ட பேரை நகத்தால பிராண்டி உரிச்சான். பூபாலசிங்கம் தலையைக் குனிஞ்சுகொண்டார்.

நான் நாலாம் நம்பருக்குக் கிட்டப் போனன். கதிரையின்ட முதுகில கை வச்சன். சூடா இருந்தது. இப்பதான் ஆரோ எழும்பின கதிரை. விருந்தினர் புத்தகத்தில அடிச்சன்: தனுஷியா.

கட்டையள் நிண்டிட்டுது.

வெளியில கடற்கரை ரயில் ஒண்டு தெஹிவளைப் பக்கம் போச்சுது.

கொப்பியைத் திறந்தன். கடைசியா எழுதின பக்கத்தில, கீழ இன்னும் இடமிருந்தது. திகதி போட்டன். தியாகராசா தனுஷியா. நாலாம் நம்பர். வந்த நேரம் ரெண்டு பத்து. போன நேரம் எண்ட கட்டத்துக்கு வந்து கொஞ்சம் யோசிச்சன். பிறகு அதை வெறுமையா விட்டன். அவளைப் போகச் சொல்ல நான் ஆர்?

அண்டைக்குப் பின்னேரமே தெஹிவளைக்குப் போய், பிள்ளை வருவாளெண்டு அதே வீட்டில இன்னும் இருந்த நேசமலர் அம்மாவின்ட காலடியில இருந்து எல்லாத்தையும் சொன்னன். அடிப்பா எண்டு நினைச்சன். அடிக்கேல்லை. எழும்பிப் போய் சுவரில இருந்த மகளின்ட படத்தைச் சீலைத் தலைப்பால துடைச்சா. "நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ," எண்டா. அவ்வளவுதான்.

அடுத்தநாள் மத்தியானம் முழங்காலைப் பிடிச்சுப் பிடிச்சு அந்தப் படியெல்லாம் ஏறினா. வினோதன் கதவைத் திறந்து விட்டான். ராத்திரி பூட்டினதுக்குப் பிறகு ஒருத்தரும் உள்ளுக்குப் போகேல்லை, திறப்பு தன்ட பொக்கற்றில எண்டான். சுவரில இப்ப தனுஷியாவின்ட பேர் எழுதியிருந்தது. நேசமலர் அம்மா அதைத் தடவிப் பாத்திட்டு மேசைக்கு வந்து கொப்பியை விரிச்சா.

"இதார் எழுதினது?" எண்டா.

"நான்தானம்மா. நேற்று."

"அது உன்ட எழுத்து. அதுக்குக் கீழ?"

நான் எட்டிப் பாத்தன். என்ட வரிக்குக் கீழ, அண்டைய திகதி போட்டு, இன்னொரு வரி இருந்தது. தியாகராசா தனுஷியா. நாலாம் நம்பர். வந்த நேரம் ரெண்டு பத்து. வினோதன்ட மணிக்கூட்டில அப்ப ரெண்டு பன்ரெண்டு.

"இது என்ட பிள்ளைட எழுத்து," எண்டா நேசமலர் அம்மா. நாலாம் நம்பர் கதிரைக்குப் பக்கத்தில இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு அதில இருந்தா.

போன நேரம் எண்ட கட்டத்தில ஒண்டும் எழுதியிருக்கேல்லை. ஒரு விரலடையாளம் மட்டும், மிளகாய்ச் சிவப்பில, இன்னும் ஈரமா.