ஜோசிக்கு ஒரு கட்டில்

சனிக்கிழமை காலை மணி பத்து. கீழ்க் கட்டிலின் மெத்தையைத் தூக்கிச் சுவரை அழுத்திய மார்சியின் கட்டைவிரல் பலகைக்குள் சளக்கென்று இறங்கியது. உள்ளே கருகருவென்று பூஞ்சை.

மார்சி டெக்கர் மிச்சிகனில் ஷெரிப் அலுவலகத் துப்பறிவாளர். மகள் ஜோசிக்கு ஆஸ்துமா. பூஞ்சை பட்டால் ஆஸ்பத்திரிதான். விடுமுறைக்குக் காரில் இழுத்துப்போக, அடுக்குக் கட்டில் வைத்த டிரெய்லர் வீட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, எதற்கும் மனசு ஒப்பாமல், தம்பி ரஸ் விற்கும் டிரெய்லரைப் பார்க்க வந்திருந்தாள். சொந்தத் தம்பியைவிடவா நம்பிக்கையான ஆள்?

"ஐயோ அக்கா! நேத்து மழையில எறங்கியிருக்கும்," என்றான் ரஸ்.

"ஒரு மழைக்கே பலகை இப்படிக் குழையுமாடா? மேல புது பெயின்ட் வேற."

"பெயின்ட் அடிச்சது ஜில். அவளைக் கேளு."

வாசலில் நின்ற அவன் மனைவி ஜில்லின் முகம் வெளுத்தது. "கலர் மாத்தலாம்னு இவருதான் சொன்னாரு, அண்ணி."

ஜோசியின் கையிலிருந்து நழுவிய ஆரஞ்சுப் பழம் கட்டிலடியிலிருந்து உருண்டு, அடுப்பு மேடையைத் தாண்டி, முன்பக்கச் சுவரில் முட்டி நின்றது. மார்சி அதையே பார்த்தாள்.

"ஜோசி, நீ கார்ல போய் உக்காரு."

வெளியே இறங்கிக் குனிந்தாள். டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கியை முழுக்கத் தாழ்த்தியிருந்ததில் அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தது. ஜாக்கிக்கு அடியில் வைத்த கட்டையைச் சுற்றிப் புல் மண்டிக் கிடந்தது.

"இத எப்ப நிறுத்தினே?"

"போன செப்டம்பர்ல."

"அப்புறம் யாராவது தொட்டாங்களா?"

"என்னைத் தவிர யாரு தொடுவா?"

"ஜில், போன கோடையில இதுல போனப்ப உங்க பசங்க எங்க படுத்தாங்க?"

"கூடாரத்துல, அண்ணி. வெளிக்காத்து ஒடம்புக்கு நல்லதுன்னு இவருதான்..." ஜில் பாதியிலேயே நிறுத்தினாள்.

"மறைச்சது ஜில் இல்ல. நீதான்டா ரஸ்," என்றாள் மார்சி. "ஒரு ராத்திரி தங்கறதுக்கே ரசமட்டம் வெச்சுப் பாக்கற ஆளு நீ. காபி கோப்பை சாயக் கூடாது உனக்கு. அப்பேர்ப்பட்டவன் இத மூக்குக் குத்த நிறுத்தியிருக்கே. ஒழுகறது பின்மூலையில, கூரையில விழற மழைத்தண்ணி அங்க தேங்காம முன்னால ஓடிடட்டும்னுதானே? கட்டையைச் சுத்திப் புல்லு மண்டிக் கெடக்கு. உனக்கு நேத்தா தெரியும்?"

"நாலஞ்சு வாரக்கடைசிதானே அக்கா, ஜோசி இதுல படுக்கப்போறா..."

"உன் பசங்களை மட்டும் கூடாரத்துல படுக்க வெச்சே இல்ல?"

களவும் கொலையும் பார்த்தவள்தான் மார்சி. ஆனாலும் தம்பி பக்கம் திரும்பவில்லை. உள்ளே ஏறி, மேல் கட்டிலில் ஜோசி ஆசையாய் வைத்திருந்த தலையணையை எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

கார் கிளம்பியதும் ஜோசி ஜன்னல் வழியே மாமாவுக்குக் கையசைத்தாள். மார்சி தடுக்கவில்லை.