ஐந்து அனுமதிகள்

"இதுக்குக் காய்ச்சல். பாத்து வைங்க, நாலு மணிக்கு வந்து எடுத்துக்கிறேன்."

மடிக்கணினியை மேசைமேல் வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"விட்டுட்டுப் போகக் கூடாதுங்க" என்றான் கெர்பன். "இங்க அதுதான் சட்டம். வேலை முடியற வரைக்கும் பொருளுக்குச் சொந்தக்காரங்க பக்கத்துல உக்காரணும்."

"நான் உக்காந்து என்ன பண்ணப் போறேன்?"

"நோயாளிக்குத் துணை வேணாமா?"

சிரிக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. மழை நனைத்த இமைகளுக்குள் சாம்பல் நிறக் கண்கள் ஒரு கணம் அவனைப் பார்த்தன... பிறகு நாற்காலியை இழுத்து, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் சமூகக் கூடம் அது. சனிக்கிழமைகளில் அங்கே உடைந்த விளக்கையும் ஓடாத கடிகாரத்தையும் தன்னார்வலர்கள் சரிசெய்து கொடுப்பார்கள். கூலி கிடையாது. ஒரு கோப்பை காபி, ஒரே ஒரு பிஸ்கட், பிறகு டப்பா மூடிவிடும். கெர்பன் மற்ற நாட்களில் லிப்ட் மெக்கானிக். நாற்பத்து நான்கு வயது, தனி ஆள். அவள் பெயர் ஹிஸ்கா. கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குவது அவள் வேலை.

திரையைத் திறந்ததுமே மூலையில் சிவப்புப் பெட்டி குதித்தது. 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்! உடனே அழையுங்கள்!' மூடினால் இன்னொன்று. தினமும் இப்படித்தான் என்றாள். கூப்பிடவில்லை, ஆனால் பெட்டி வரும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது, மூடி வைத்துவிடுகிறேன் என்றாள்.

இது வைரஸே இல்லை என்று கெர்பன் விளக்கினான். ஏதோ ஒரு வலைத்தளம் எப்போதோ 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று கேட்டிருக்கும், நீங்கள் 'அனுமதி'யை அமுக்கியிருப்பீர்கள், அந்த வழியாக வருகிற வெறும் பூச்சாண்டி இது என்றான்.

"நான் யாருக்கும் அனுமதி குடுக்கலையே" என்றாள் ஹிஸ்கா.

அவன் பட்டியலைத் திறந்தான். ஐந்து தளங்கள், அனுமதி கொடுத்த வரிசையில்... கணையப் புற்றுநோய், எத்தனை மாதம். வலி குறைய வழி. அற்புத மூலிகைச் சாறு. வீட்டுக்கு வாடகைக் கட்டில், நோயாளிகளுக்கானது. கடைசியாக, இறுதிச் சடங்குக்கு ஏற்ற இசை.

கெர்பனின் விரல் அப்படியே நின்றது. நோயாளிக்குத் துணை வேண்டாமா என்று கேட்ட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ரீங்க். என் வீட்டுக்காரர்" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. "போன பிப்ரவரி. அப்ப எது கேட்டாலும் சரி, சரின்னு அமுக்கிட்டே போனேன்... அடுத்த பக்கத்தைச் சீக்கிரம் காட்டினா போதும்னு."

ஐந்தையும் அழிக்க அரை நிமிடம் போதும். கெர்பன் முதல் வரியை மட்டும் அழித்தான். இது ஒவ்வொன்றாகத்தான் போகும், அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்றான்.

வந்தாள். இரண்டாவது வாரம் கோட்டைக் கழற்றினாள். மூன்றாவது வாரம், கூடத்தின் கழிப்பறையில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில் எல்லாத் தன்னார்வலர் பெயரும் இருக்கிறது, உங்கள் பெயர் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாள். அந்த ஊரில் பிறந்தநாள் காலண்டரைக் கழிப்பறைச் சுவரில்தான் மாட்டுவார்கள். அதில் பெயர் ஏறியவர்தான் அந்த வீட்டுக்கு வேண்டியவர்.

"இந்த ஊர்ல எந்தக் கழிப்பறையிலயும் எனக்கு இடம் கிடைக்கலைங்க."

அவள் முதன்முறையாகச் சிரித்தாள். தேதி கேட்டாள். நவம்பர் பதினாலு என்றான். நான்காவது வாரம் அவள் கோப்பையருகே இரண்டாவது பிஸ்கட் ஒன்று வந்து உட்கார்ந்தது...

ஐந்தாவது சனிக்கிழமை லிப்டில் யாரோ மாட்டிக்கொண்டதாக அழைப்பு வந்து கெர்பன் போக வேண்டியதாயிற்று. அவன் நாற்காலியில் பௌக்யா உட்கார்ந்தாள். ஓய்வு பெறும்வரை ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் கணினி பார்த்தவள், இப்போது இந்தக் கூடத்தில் தன்னார்வலராகத் தையல் இயந்திரம் சரிசெய்கிறாள். மிச்சமிருந்த ஒன்றை அழித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"இம்புட்டுதானே? இதுக்கு அஞ்சு வாரமா அந்தப் பய உன்னை அலைய விட்டான்?"

கெர்பன் நனைந்தபடி ஓடிவந்தபோது ஹிஸ்கா வாசலில் நின்றிருந்தாள்.

"முதல் நாளே முடிச்சிருக்கலாமா?"

"முடிச்சிருக்கலாம்."

"அந்தச் சிவப்புப் பெட்டியும் பொய் சொல்லித்தான் என்னைப் பயத்துலயே வெச்சுது. நீங்களும் அதையேதான் பண்ணியிருக்கீங்க." குரல் உயரவில்லை. "ஆறு மாசம் பயந்துட்டே இருந்தேன். உங்களுக்குத் தெரியும்."

மழையில் அவள் சைக்கிள் மறைந்தது.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை கெர்பன் கூடத்துக்குப் போகவில்லை. பாலத்துக்குப் போனான்.

மணி அடித்துத் தடுப்புக் கம்பம் இறங்கியது. சரக்குப் படகு ஒன்று கடந்து போயிற்று. தூக்கிய பாலம் இறங்கவில்லை. பின்னால் சைக்கிள்காரர்கள் முணுமுணுத்தார்கள். "யாரோ அந்தம்மா வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டான்போல" என்றார் ஒருவர். மழை வலுத்தது. காவல் அறையின் ஜன்னலைத் திறந்து ஹிஸ்கா எட்டிப் பார்த்தாள்.

"என்ன வேணும்?"

கெர்பன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். இத்தனை பேர் நடுவில்... ஆனால் இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

"முதல் வாரம் உங்களுக்காகன்னு நெனச்சேன். ஒருத்தரோட கடைசி நாளையெல்லாம் ஒரே தடவையில துடைக்க மனசு வரலை. அது நெசம்." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். "ரெண்டாவது வாரத்துலேருந்து எனக்காக. சனிக்கிழமை நீங்க வரணும்... அவ்வளவுதான். நீங்க பயந்துட்டிருந்தது தெரிஞ்சும் பண்ணினேன். அது தப்பு."

ஜன்னல் மூடியது. பாலம் மெல்ல, மிக மெல்ல இறங்கியது. அவன் நகரவில்லை, மற்றவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்து அவள் இறங்கி வந்தாள். நனைந்த முகத்தை ஒரு முறை பார்த்தாள். தன் தெருவையும் வீட்டு எண்ணையும் சொன்னாள். நான் முன்னால் போகிறேன், பத்து நிமிடம் கழித்து வாருங்கள் என்றாள்.

கதவைத் திறந்தவள், கை கழுவ நடைவழியில் முதலில் இருந்த கழிப்பறைக் கதவைக் காட்டினாள். அவன் உள்ளே போய்த் தாழிட்டான். சின்னக் கைகழுவும் தொட்டிக்கு மேலே காலண்டர். நவம்பர் பக்கம். ஒன்பதாம் தேதியில் 'ரீங்க்', பக்கத்தில், இறந்தவர் என்பதற்கான சிறிய சிலுவைக் குறி. பதினான்காம் தேதியில் பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்த தடம்... அந்தத் தடத்தின் மேலேயே, மை இன்னும் காயாமல், 'கெர்பன்'.

குழாயைத் திறக்கவே அவன் மறந்துபோனான்.

"உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல். கேலியாகத் தொடங்கி நடுவில் உடைந்தது. "மூணாவது வாரமே எழுதிட்டேன். அப்புறம் அழிச்சேன். ஆனா அவர் பேரை மட்டும் அழிக்க மாட்டேன், கெர்பன். எப்பவும் அங்கதான் இருக்கும்... அது உங்களால முடியுமா?"

அவன் ஒன்பதாம் தேதியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இருக்கட்டுங்க" என்றான். "அவர் முன்னாடி வந்தவர். நான் அஞ்சு நாள் தள்ளியே நிக்கிறேன்."

வெளியே அவள் அழுவது கேட்டது. அவன் தாழ்ப்பாளை நீக்கினான்.