கால்வாசி காலி

எஃபிஸியோ செத்துக் கிடந்தார்!

ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை இதே ஒயின் கிடங்கில் சிரித்துக் கொண்டிருந்த மனிதர்.

"உன் ஊர் வெர்னாச்சா ஒயின் வெள்ளை. எங்க தீவுல விளையற ஒரிஸ்தானோ வெர்னாச்சா தேன் நிறம். பேர் மட்டும்தான் ஒண்ணு, கொடிக்குக் கொடி சொந்தமே கிடையாது. அது கிடக்கட்டும் ரனியேரி... நீ பதக்கம் வாங்கின ஒயின் உன் தோட்டத்துதே இல்லையாமே!"

"யார் சொன்னா?"

"உனக்கு வித்தவனே சொன்னான்யா. நாளைக்கு ஒயின் விழா மேடையில போட்டு உடைக்கப் போறேன்!"

மரச்சுத்தியல் இறங்கியது... ஒரே அடி.

ரனியேரி அவசரப்படவில்லை. ஊரே மதியத் தூக்கத்தில் இருந்தது. ஏணியைப் பிணத்தின் மேல் சாய்த்தார். சுத்தியலைத் துடைத்தார். இரண்டு கோப்பைகளையும் கழுவினார். ஏணியையும் துடைத்தார்.

வாசலை நெருங்கியவர் நின்றார்.

ஒரு சின்னப் பீப்பாய் திறந்தே கிடந்தது. உள்ளே கால்வாசி காலி!

'சோம்பேறிப் பயல்...'

நாற்பது வருடப் பழக்கம். கை தானாகவே பக்கத்து ஒயின் குடத்தைத் தூக்கி விளிம்புவரை ஊற்றியது. அடைப்பை அழுத்தி மூடியது. கால்கள் வெளியே நடந்தன.

சாயங்காலம் ஆறு மணி. ஓட்டல் அறையில் போன் அலறியது.

"இன்ஸ்பெக்டர் பொனாரியா பேசறேன். கொஞ்சம் எஃபிஸியோ கிடங்குவரைக்கும் வரீங்களா சார்?"

போனார்.

"பாவம்மா... ஏணியிலேர்ந்து விழுந்துட்டாராமே?"

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். நீங்க முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"இந்தத் தீவுக்கே இப்பத்தான் முதல் தடவை. இந்தக் கிடங்குல காலே வெச்சதில்ல!"

"துக்கத்துக்கு வந்தவங்களுக்கு ஊத்தலாம்னு அவர் சம்சாரம் இந்தப் பீப்பாயைத் திறந்தாங்க. பிணத்தைப் பார்த்தப்போகூட அந்தம்மா அப்படி அலறல சார். யாரோ விளிம்புவரைக்கும் ரொப்பி வெச்சிருக்காங்க!"

"அதுல என்னம்மா தப்பு? கால்வாசி காலியா விட்டா ஒயின் கெட்டுப் போயிடுமே!"

பொனாரியா மெல்லத் திரும்பினாள்.

"கால்வாசின்னு நான் சொல்லவே இல்லையே சார்..."

ரனியேரி வாசல் பக்கம் ஓர் அடி பின்வாங்கினார்.

"உங்க ஊர் வெர்னாச்சா கெட்டுப் போகும். எங்களுது அப்படி விட்டாத்தான் உருப்படும். மேல பாலாடை மாதிரி ஒண்ணு படியணும், அதுக்குக் காத்து வேணும். இந்த ஊர்ல பச்சைக் குழந்தைகூட ரொப்பாது. எவனோ வெளியூர்க்காரன் வேலைன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு, அதான் உங்களைக் கூப்பிட்டேன். அடைப்புல ஒரு கைரேகை வேற இருக்கு. உங்க விரலைக் கொஞ்சம் காட்டுங்க!"

சுத்தியல், கோப்பை, ஏணி... எல்லாம் துடைத்தாரே! அடைப்பைத் தொட்டதே அவருக்கு இப்போதுதான் நினைவு வந்தது. அப்படியே உட்கார்ந்து விட்டார்.

பொனாரியா விலங்கை எடுத்தாள்.

"காலியா இருந்தா உங்களுக்குப் பொறுக்காதாமே... எங்க ஜெயில்ல ஒரு அறை காலியாத்தான் சார் இருக்கு. வாங்க, ரொப்பிடலாம்!"