பட்டியலில் ஒரே ஒரு பெயர்

பரிதி ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். மோட்டார் போட்டான், தொட்டி நிரம்பும்வரை கொல்லையில் நின்றான். பால் காய்ச்சினான். அரை டம்ளர் அரிசியைக் கழுவிக் குக்கரில் வைத்தான். அதற்கும் குறைத்தால் அடிபிடிக்கும் என்பது இந்த ஒரு வருடத்தில் தெரிந்துகொண்ட விஷயங்களில் ஒன்று. பிறகு கைபேசியை எடுத்து, பள்ளி உண்டா என்று பார்த்தான். மழை விடுமுறை. திரையின் மேல்மூலையில் வைஃபை குறி இருந்தது. ஒரு கோடு.

அந்த வீட்டில் வைஃபை கிடையாது. அடுத்த வீடு மூன்று வயல் தள்ளி. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். குறி இல்லை.

எட்டு மணிக்கு மாமனார் மருதையன் குடையோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"மாப்ள, பள்ளிக்கூடம் லீவா?"

"ஆமா மாமா. உள்ள வாங்க."

"காலெல்லாம் சேறு. இப்படியே நிக்கிறேன். மழை வந்தா வாத்தியாருக்கு லீவு, எனக்கு எவன் விடுறான்?" சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நாளைக்குப் படையலுக்கு எல்லாம் வாங்கியாச்சு. ஒங்க அத்தை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டு வரச் சொன்னா."

என்ன கேட்கப் போகிறார் என்பது அவனுக்குத் தெரியும். அவன் மனைவி செவ்வந்தியின் வீட்டு வழக்கம் அது. இறந்தவர் கடைசியாக வாய்விட்டு எதைக் கேட்டாரோ, அதை முதல் வருடத் திவசத்தன்று இலையில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கேட்டவர் கேட்ட இடத்திலேயே நிற்பார் என்பார்கள். மருதையனின் அப்பாவுக்கு ஒரு கட்டுச் சுருட்டு வைத்தார்கள். ஒரு சித்திக்கு வைத்த ஐஸ்கிரீம், கற்பூரம் காட்டுவதற்குள் உருகி இலையை விட்டு ஓடியது. செவ்வந்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"போய்ட்டு வரேன்னு சொன்னதா சொல்றீங்க. அது சொன்னது. கேட்டது எது? எங்க புள்ள எதையும் கேக்காம வாசப்படி தாண்டுமா? நல்லா நெனச்சுப் பாருங்க மாப்ள. சாயந்தரம் வரேன்."

அவர் போன பிறகும் பரிதி வாசலில் நின்றான்.

போய்ட்டு வரேன் என்று அவள் சொன்னாளா என்பது அவனுக்குத் தெரியாது. என்ன சொன்னாள் என்றே தெரியாது. போன ஐப்பசியில், இதே மாதிரி விடாத மழையில், மாலை ஏழு மணிக்கு அவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தான். அவனுடைய டேட்டா தீர்ந்துபோய், செவ்வந்தியின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் ஓடிக்கொண்டிருந்தது ஆட்டம். பின்னால் அவள் வந்து நின்றாள். ஏதோ சொன்னாள். திரும்பாமலே தலையை ஆட்டினான். ஐந்து நிமிடத்தில் சிக்னல் மூன்று கோட்டிலிருந்து இரண்டானது. பிறகு ஒன்று. பிறகு நெட் போய்விட்டது. அவன் மேசையில் குத்தினான். அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறாள் என்று அப்படித்தான் தெரிந்தது. கோபத்தோடு உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரம்.

இளம் பயிர் முழுகாமல் இருக்க, வரப்பை வெட்டி வடிகாலில் தண்ணீரை விடப் போயிருந்தாள். அது அவன் செய்ய வேண்டிய வேலை. கரை சரிந்திருந்தது. மறுநாள் காலையில் வடிகால் மதகின் ஷட்டர் பலகையில் அவள் உடல் தங்கியிருந்தது. போன் கிடைக்கவில்லை.

அவன் ஆடும் எல்லா ஆட்டமும் லேப்டாப்பில் தானாகப் பதிவாகும். அவன் முகத்தோடு, குரலோடு. அந்த மாலையும் பதிவாகியிருக்கும். ஒரு வருடமாக அவன் அதைத் தொடவில்லை.

பீரோவைத் திறந்து, போர்வைக்கு அடியிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். எட்டு வருடத்துப் பழசு. அம்மிக்கல் கனம். சார்ஜரை மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் விசைகளுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது, விசிறி பெருமூச்சு விட்டு ஓட ஆரம்பித்தது, சூடேறும் தூசியின் வாசனை வந்தது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. வயரைப் போட்டு டிவியில் மாட்டிப் பார்த்தான். சிக்னல் இல்லை என்றது டிவி. பேட்டரியைக் கழற்றி மாட்டினான். கருப்பு.

குத்தாலத்தில் கடை வைத்திருக்கும் அப்சருக்குப் போன் செய்தான்.

"அந்த லேப்டாப்பா? இன்னும் உசுரோட இருக்கா சார்? கடைக்குக் கொண்டாங்களேன்."

"ரோட்டுல முழங்கால் தண்ணி அப்சர்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. செல்லு லைட்ட திரை மேல சாய்ச்சு அடிங்க. நேரா அடிக்காதீங்க, பக்கவாட்டுல. என்ன தெரியுது?"

அறை இருட்டாகத்தான் இருந்தது. பகல் பதினொரு மணிக்கு மழை எல்லாவற்றையும் சாம்பலாக்கியிருந்தது. பரிதி போனை ஸ்பீக்கரில் போட்டு, விளக்கைச் சாய்த்தான். கருப்புக்கு அடியில், குளத்துத் தரை போல, மங்கலாக ஏதோ இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் எடுத்த படம். அவன் வைத்த முகப்புப் படம்.

"தெரியுது."

"அப்ப படம் இருக்கு, பின்னாடி எரியிற லைட்டுதான் செத்துப்போச்சு. வைஃபைய ஆன் பண்ணுங்க, ஒங்க செல்லுல ஹாட்ஸ்பாட் போடுங்க. நான் இங்கேர்ந்தே உள்ள வந்து ஃபைலை எடுத்துத் தர்றேன்."

பரிதி ஹாட்ஸ்பாட் போட்டான். லேப்டாப் அதைக் காணவில்லை. வைஃபையை அணைத்துப் போட்டான். லேப்டாப்பையே அணைத்துப் போட்டான். மறுபடி விளக்கைச் சாய்த்தபோது பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது.

செவ்வந்தி.

ஒரு கோடு.

"என்ன சார், எதாச்சும் வருதா?"

"ஒண்ணு வருது."

"அதுல சேருங்க."

"அது என்னோடது இல்ல அப்சர்."

"யாரோடதா இருந்தா என்ன சார், ஓசியில கெடைக்குதுல்ல!"

பரிதி அழைப்பைத் துண்டித்தான். பழைய லேப்டாப். பழைய பெயர்களை ஞாபகம் வைத்துக்கொண்டு காட்டுகிறது. அப்படி இருக்கலாம். ஆனால் பெயரை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும். கோட்டை அல்ல. இது அவனுக்குத் தெரியும். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் அவன்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கேட்காமலே, அது இணைந்துகொண்டது. எப்போதும் அப்படித்தான் இணையும். அவனே அப்படி வைத்திருந்தான்.

நெட் அவனுக்குத் தேவையில்லை. ஃபைல் இங்கேயேதான் இருக்கிறது. ஒரு கையில் விளக்கும் ஒரு கையில் மவுஸுமாகத் தேடி, அந்தத் தேதியைக் கண்டுபிடித்தான். ஓட விட்டான்.

துப்பாக்கிச் சத்தம். அவன் கத்தல். மூலையில் ஒரு சின்னச் சதுரத்தில் அவன் முகம், பின்னால் கதவு. விளக்கை அந்தச் சதுரத்துக்கு நகர்த்தினான். ஏழு மணி ஏழு நிமிடத்தில் கதவில் அவள் வந்தாள். உரச்சாக்கைத் தலையில் மடித்துப் போட்டிருந்தாள், கையில் மண்வெட்டி. சொன்னாள். மூன்று துண்டாகச் சொன்னாள், நடுவில் இரண்டு இடைவெளி விட்டு. சதுரத்துக்குள் அவன் தலையை ஆட்டினான்.

அவள் குரல் இல்லை.

பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட விட்டான். ஒலியைக் கூட்டினான். துப்பாக்கி. அவன் மூச்சு. அவள் வாய் மட்டும் அசைந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. சமையலறையில் குக்கர் விசில் அடிப்பது தன்னோடு ஆடுகிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று, தன் குரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்படி மைக்கை அவனே மாற்றி வைத்திருந்தான். அவள் பேசியதையும் அது சத்தம் என்று நினைத்து எடுத்துப் போட்டிருந்தது.

பரிதி அழவில்லை. மறுபடி இழுத்தான். வாயைப் படிக்கப் பார்த்தான். முகம் கடுகளவுதான் இருந்தது.

கோடு இரண்டானது.

வடிகால் பக்கம் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த தவளைகள் நின்றிருந்தன. எப்போது நின்றன என்று தெரியவில்லை. ஓட்டின் மேல் மழை மட்டும் கேட்டது. மழைக்கு அடியில் இன்னொன்று; ஈரச் சேலை நடக்கும்போது காலில் அடிக்கும் சத்தம், நிதானமாக, கொல்லைப் பக்கமிருந்து. மாமாவாக இருக்கும். மாமா சாயந்தரம்தானே வருவதாகச் சொன்னார்.

மறுபடி இழுத்தான். அவள் வந்தாள், சொன்னாள். அவன் ஆட்டினான். அவள் போகவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தான். தலையை ஆட்டிய பிறகும் நின்றாள். அவன் எழுந்துவருவான் என்று நின்றாள். நாற்பது விநாடி. பிறகுதான் போனாள்.

மூன்று கோடு.

வாசனை வந்தது. ஷட்டரில் தேங்கிய தண்ணீரின் வாசனை. அழுகிய வேர். சேறு.

பதிவு முடிந்தது. திரை முழுக்கக் கருப்பு. விசிறி நின்றது. விசைகளின் சிவப்பு அணைந்தது. விளக்கை அணைக்க வேண்டும் என்று நினைத்தான். விரல் வரவில்லை.

கருப்புக் கண்ணாடியில் அவன் முகம். தோளுக்குப் பின்னால் கதவு. கதவில் சாக்கு. சாக்கின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாக்குக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆகாயத்தாமரை வேர், கொத்தாக. வேர் அசைந்தது.

அவன் திரும்பவில்லை. அன்றும் திரும்பவில்லை.

மூன்று துண்டாக வந்தது. அதே இடைவெளி. அதே குரல். கோபமே இல்லாமல், கெஞ்சலும் இல்லாமல், வீட்டில் எப்போதும் பேசுகிற மாதிரி.

"கொஞ்சம் வாங்க. நீங்க எறங்க வேணாம். கரையில சும்மா நின்னா போதும்."