காற்பூட்டு

காலை ஐந்து நாற்பதுக்குப் பொதிகைக் குடியிருப்பில் நாற்பது பேர் தங்கள் எடையைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போனார்கள்.

நிலவில் அறுபது கிலோ மனிதர் பத்து கிலோ. இதயத்துக்கு அது நீண்ட விடுமுறை. தள்ளவேண்டிய இரத்தத்தில் கனம் இல்லை; வேலை இல்லாத தசை இளைக்கும். அதனால் தினமும் முக்கால் மணி நேரம் சுழல்கூடத்தில் உட்கார வேண்டும் என்பது சட்டம். பெரிய சக்கரம், விளிம்பில் இருக்கைகள். சக்கரம் சுழலும்போது விளிம்பில் இருப்பவருக்குப் பூமியின் எடை வரும். கன்னம் தொங்கும், கால் கனக்கும், இதயம் முனகிக்கொண்டே வேலை செய்யும்.

குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் தணிகைநாதன் மட்டும் விளிம்பில் உட்காருவதில்லை. எல்லாரோடும் வரிசையில் உட்காருவது தலைவருக்கு அழகா? சக்கரத்தின் நட்டநடுவில் அவருக்கென்று மெத்தை வைத்த ஆசனம் போட்டிருந்தார்கள். நடுவில் சுழற்சி உண்டு, கூடுதல் எடை கிடையாது. பதினோரு வருடமாக அவர் தன் இதயத்துக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தார்.

சக்கரத்தை இயக்குபவள் நிறைமொழி. முதல் வருடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"ஐயா, நடுவுல உக்காந்தா பிரயோசனமில்ல. ஓரத்துக்கு வாங்க."

"ஓரத்துக்கா? நானா?" என்றார்.

அத்தோடு விட்டுவிட்டாள்.

உயிர்மீட்புப் பயிற்சியும் அவள் பொறுப்புதான். பூமியில், இதயம் நின்றவரின் மார்பை அழுத்த உடம்பின் கனமே போதும். நிலவில் அழுத்தினால் அழுத்தியவர்தான் மேலே போவார். அதற்காகக் கண்டுபிடித்தது காற்பூட்டு. விழுந்தவரின் தோள்மேல் ஒரு காலைப் போட்டு, மறு காலை இடுப்போடு சுற்றி, இரண்டு கணுக்காலையும் அவர் முதுகுக்கடியில் பூட்டிக்கொண்டு அழுத்த வேண்டும். மற்றக் குடியிருப்புகளில் பள்ளிக்கூடத்திலேயே கற்றுத் தருகிறார்கள்.

பொதிகையில் பயிற்சி தொடங்கிய இரண்டாம் நாளே தகராறு. தோளில் காலைப் போடுவதா? பயிற்சிப் பொம்மைமேல் காலைப் போட்டவர்கள்கூட முதலில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சங்கம் கூடியது. பண்பாட்டைக் காக்கும் பொருட்டுக் காற்பூட்டு நீக்கப்பட்டது. பக்கத்தில் மண்டியிட்டுக் கையால் மட்டும் அழுத்தும் 'மரியாதை முறை' ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் தலைவர். அந்த முறையில் யாரும் பிழைக்க மாட்டார்கள் என்று நிறைமொழிக்குத் தெரியும். தெரிந்துதான் நாற்பது சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சான்றிதழ் வழங்கும் நாள். சக்கரம் நின்றதும் தலைவர் இறங்கி வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம்ம இதயம் நம்ம கையில..."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. நிலவில் விழுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அவர் மெதுவாக முன்னால் சாய்ந்ததைப் பார்த்து, கும்பிடுகிறார் என்று நினைத்து இரண்டு பேர் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

நிறைமொழி ஓடிவந்து அவரைப் புரட்டி, சுவரிலிருந்த மின்னதிர்ச்சிக் கருவியின் பட்டைகளை மார்பில் ஒட்டினாள். உடம்பு ஒருமுறை துள்ளியது.

"துடிப்பு வரவில்லை. மார்பை அழுத்தவும். மருத்துவ ஊர்தி ஒன்பது நிமிடத்தில் வரும்" என்றது கருவி. மூளை நாலு நிமிடத்துக்குமேல் காத்திருக்காது.

அவளை விலக்கிக்கொண்டு பொருளாளர் வேதாசலம் முன்னால் வந்தார். பயிற்சியில் முதல் மதிப்பெண் அவருக்குத்தான். தலைவரின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டு, மண்டியிட்டு, இரண்டு கையாலும் அழுத்தினார். மேலே போனார். இறங்கி வந்து இன்னும் பலமாக அழுத்தினார். இன்னும் மேலே போனார். நாற்பது தலைகள் அவரோடு ஏறி இறங்கின.

"அழுத்தம் ஒரு சென்டிமீட்டர். ஐந்து வேண்டும்."

"நாலு பேரு வந்து என்னைப் புடிங்கய்யா!"

நாலு பேர் பிடித்தார்கள். ஐந்து பேரும் சேர்ந்து மேலே போனார்கள்.

"தள்ளுங்க சார், நான் காலைப் பூட்டுறேன்" என்றாள் நிறைமொழி.

"தீர்மானம் இருக்கேம்மா" என்றார் வேதாசலம், அந்தரத்திலிருந்து. "அவரு போட்ட தீர்மானத்தை அவர் மேலயே மீறுறதா?"

நிறைமொழி தலைவரின் மனைவி சுகுணவல்லியைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் போயிடுச்சு."

"ஐயோ, கால் போட விட்டேன்னு தெரிஞ்சா என்னைத் தொலைச்சுப்புடுவாரே!"

"தெரிஞ்சுக்க அவரு இருக்கணும்மா."

சுகுணவல்லி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். பிறகு சொன்னாள்:

"சரி, போடு. யாரும் படம் புடிக்கக்கூடாது."

நிறைமொழி அவர் தோள்மேல் காலைப் போட்டாள். கணுக்கால்களைப் பூட்டினாள். அழுத்தினாள். இந்த முறை மார்புதான் இறங்கியது, அவள் ஏறவில்லை.

"ஐந்து சென்டிமீட்டர். தொடரவும்."

எண்ணிக்கொண்டே அழுத்தினாள். பெரும்பாலானவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொண்ட முகங்களில் பாதி ஓரக்கண்ணால் பார்த்தன. விலா எலும்பு ஒன்று முறியும் சத்தம் கேட்டது. "அடிப்பாவி" என்றது ஒரு குரல். அவள் நிறுத்தவில்லை. முந்நூறு எண்ணுவதற்குள் கை மரத்துவிட்டது. அப்போதும் நிறுத்தவில்லை.

"விலகவும்" என்றது கருவி. காலை உருவிக்கொண்டு விலகினாள். உடம்பு மறுபடி துள்ளியது.

"துடிப்பு வந்துவிட்டது."

யாரோ கை தட்டினார்கள். சுகுணவல்லி சத்தம் போட்டு அழுதாள். சிறிது நேரத்தில் தணிகைநாதன் கண்ணைத் திறந்தார்.

"என்னாச்சு?"

"இதயம் நின்னுபோச்சு ஐயா. இந்தப் பொண்ணுதான் காப்பாத்திச்சு" என்றார் வேதாசலம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கால்... காலைப் போட்டுத்தான். வேற வழியில்ல."

தலைவர் அவளைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் அவர் அவளை முழுதாகப் பார்த்தது அன்றுதான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் உதடு அசைந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று கூட்டம் குனிந்தது.

"ஏம்மா, பூமியில உங்களுக்கு எந்த ஊரு?"

அங்கே இருந்த யாரும் பூமியில் கால் வைத்ததில்லை. அவர்கள் அப்பா அம்மாவும் வைத்ததில்லை.

"நான் பொறந்தது இங்கதான் ஐயா. முன்னோருங்க வந்தவாசிப் பக்கம்னு சொல்வாங்க."

தலைவர் எழுந்து உட்காரப் பார்த்தார். முறிந்த விலா குத்தியது. படுத்தபடியே கேட்டார்.

"வந்தவாசி சரி. ஊருக்குள்ள எந்தத் தெரு?"